வருகிறேன், நிகழ்காலம்

புதுச்சேரி
16 மார்ச் 2025

தாரணி அப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய தபால் வந்தது. உறையைப் பிரித்தால், உள்ளே நான் போன வாரம் உங்களுக்கு எழுதிய கடிதமே இருந்தது. பன்னிரண்டு இடத்தில் சிவப்பு மை. ஓரத்தில் உங்கள் அச்சகத்துப் பிழைதிருத்தக் குறிகள். அடியில் ‘ஒற்றுப்பிழை ஒன்பது, ஒருமை பன்மை இரண்டு, சொற்பிழை ஒன்று’ என்று கூட்டல் வேறு. பதில் என்று ஒரு வரி இல்லை.

அந்தக் கடிதத்தில், சிலிண்டர் பதிந்தீர்களா என்று கேட்டிருந்தேன். ‘பதிந்தீர்களா’ அல்ல, ‘பதிவு செய்தீர்களா’ என்று திருத்தியிருக்கிறீர்கள். சரி. பதிவு செய்தீர்களா?

நான் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் பத்தாவது வரை கன்னடத்தில் படித்தவள். தமிழ் எனக்கு வீட்டில் காதால் வந்தது. எழுத்து, பஸ் போர்டிலும் மளிகைக்கடை காலண்டரிலும் வந்தது. அந்த ஒன்பது ஒற்றும் காலண்டரில் இல்லை.

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று தாரணியிடம் கேட்டீர்களாம். போனில் நான் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே நீங்கள் அதைத் திருத்தி முடித்துவிடுகிறீர்கள். மிச்சப் பாதி எனக்கே மறந்துபோகிறது. கடிதம் என்றால் முழுதும் படித்தாக வேண்டும்.

மகளுக்குக் குடித்தனம் வைத்துக் கொடுக்கப் பதினைந்து நாள் என்று ஜனவரியில் வந்தவள் இன்னும் ஏன் திரும்பவில்லை என்றும் கேட்டீர்களாம். நவம்பரில் இவள் கல்யாண வரவேற்பில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பரத்தின் ஆபீஸ்காரர்கள் பல ஊர்க்காரர்கள் என்பதால் ஆங்கிலத்தில் பேசச் சொன்னாள். ஐந்து வாக்கியம். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன். முதல் வாக்கியம், ‘ஐ ஆம் நோயிங் மை டாட்டர் சின்ஸ் ஹர் பர்த்.’ பின்னாலிருந்து உங்கள் குரல், மைக்கிலும் விழுந்தது: ‘ஐ ஹாவ் நோன்.’ சபை சிரித்தது. மிச்ச நாலு வாக்கியத்தை நான் சொல்லவில்லை. அவை என்னவென்று இன்றுவரை நீங்கள் கேட்கவும் இல்லை.

மைசூர் வீட்டில் நான் மூன்று சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசிப் பல வருடம் ஆகிறது. ‘காபி ஆய்த்து’, ‘கரண்ட் போச்சு’, அவ்வளவுதான். இங்கே வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எனவே எப்போது வருவேன் என்று சொல்வதற்கில்லை.

தெருமுனையில் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. சேர்ந்திருக்கிறேன்.

வடிவு

மைசூரு
28 மார்ச் 2025

வடிவுக்கு,

சிலிண்டர் பதிவு செய்து, வந்து, மாட்டியும் ஆயிற்று.

இந்த முறை உன் கடிதத்தைத் திருத்தவில்லை. நான்கு இடங்களைத் தனித்தாளில் குறித்து வைத்திருக்கிறேன். அனுப்பவில்லை என்பதைக் கவனிக்கவும்.

மேடையில் நான் சொன்னது இலக்கணப்படி சரி. பிறந்தது முதல் இன்றுவரை என்றால் ஆங்கிலத்தில் ‘ஹாவ் நோன்’ என்றுதான் வரும். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் எனக்குச் சம்பளம் கொடுத்தது இதைச் சொல்வதற்காகத்தான். சொன்ன இடம் பற்றி வேறு கருத்து இருக்கலாம்.

ஐம்பத்தாறு வயதில் பிரெஞ்சு எதற்கு என்று நான் கேட்கப்போவதில்லை. சயாஜிராவ் சாலை நடைபாதையில் ஒரு பழைய பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் கிடைத்தது, வாங்கினேன். உன் வகுப்பில் சரியாகச் சொல்லித் தருகிறார்களா என்று பார்ப்பதற்குத்தான். ஆங்கிலேயர்களுக்காக ஓர் ஆங்கிலேயர் எழுதியது. ஆங்கிலத்தில் ‘சாப்பிடுகிறேன்’ என்பதற்கு மூன்று வடிவங்கள் உண்டு, பிரெஞ்சில் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளும்படி வாசகருக்கு இரண்டு பக்கம் ஆறுதல் சொல்கிறார். நம்மிடமும் ஒன்றுதான். எனக்கு ஆறுதல் தேவைப்படவில்லை. அடுத்த பாடத்தில் பொருள்களுக்கெல்லாம் ஆண் பெண் பிரிக்கிறார்கள். மேசை பெண். நாற்காலி பெண். கைவைத்த சாய்வு நாற்காலி மட்டும் ஆண். ஓய்வுபெற்றவனுக்கு இது உடனே புரிந்தது.

பக்கத்து வீட்டு நஞ்சுண்டசாமி காலையில் பேப்பர் வாங்க வரும்போதெல்லாம், “மேடம் யாவாக பர்த்தாரே?” என்கிறார், எப்போது வருகிறாய் என்று. நானும் “பர்த்தாரே” என்கிறேன். கன்னடத்தில் வருகிறார், வருவார் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். பொய் சொல்லாமல் தப்பிக்க விரும்புகிறவனுக்கு வசதியான மொழி.

அக்டோபரில் தலைதீபாவளி. மாப்பிள்ளையை மைசூருக்கு அழைத்தாக வேண்டும். அழைப்பதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். நான் ஆள்தான். ஆனால் தலைதீபாவளிக்கு மாமனாரை மட்டும் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளையைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

வேறு விசேஷம் இல்லை. வருகிறேன்.

மாணிக்கவாசகம்

புதுச்சேரி
20 ஏப்ரல் 2025

தாரணி அப்பாவுக்கு,

கடிதத்தின் கடைசியில் ‘வருகிறேன்’ என்று எழுதுகிற மனுஷர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு சொல்வதுபோல இருக்கிறது. படித்துவிட்டு நான் கதவைச் சாத்தாத குறை.

வகுப்பில் எட்டுப் பேர். ஏழு பேருக்கு என் மகள் வயது. சொல்லிக்கொடுப்பவர் சுப்பையா சார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்கிறார்கள். மீசையைப் பார்த்துப் பயந்தபடிதான் முதல் நாள் உட்கார்ந்தேன்.

அவரிடம் ஒரு பழக்கம். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்வதே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் ஹங்க்ரி’ என்கிறோமே, அதை அப்படியே வைத்து ‘நான் பசியாக இருக்கிறேன்’ என்று பிரெஞ்சில் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பசி ‘இருக்க’ வேண்டுமாம், நம்மைப் போல. அவர் என்ன செய்தார் தெரியுமா? ‘ஓ, உங்களுக்குப் பசி இருக்கிறதா?’ என்று சரியான வாக்கியத்தைப் பதில்போலச் சொல்லி, மேசை டிராயரிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னைத் திருத்தியிருக்கிறார் என்று உறைத்தது. அதற்குள் பிஸ்கட் ஜீரணமாகிவிட்டது.

போன வாரம், வீட்டில் ஒருவரிடம் நேராகப் பேசுவதுபோல மூன்று வாக்கியம் எழுதிவரச் சொன்னார். உங்களுக்கு எழுதினேன். பிரெஞ்சில் புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் ‘து’ என்றுதான் சொல்ல வேண்டுமாம். ‘து’ என்றால் என்னவென்று உங்கள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மரியாதையாக வேறு மாதிரி எழுதலாமா என்று கேட்டேன். “அம்மா, அது ஜட்ஜுகிட்ட பேசறதுங்க,” என்றார் சார்.

முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவை. எழுதி முடித்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தமிழில் எழுத எனக்கு வாய் வரவில்லை. அகராதி வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வடிவு

மைசூரு
2 ஜூன் 2025

வடிவுக்கு,

பதில் தாமதமானதற்கு அகராதி காரணம்.

நீ எழுதியதன் தமிழாக்கம்: நீ பேப்பர் படிக்கிறாய். நீ வேகமாகச் சாப்பிடுகிறாய். நான் பேசும்போது நீ கேட்பதில்லை.

மூன்றிலும் இலக்கணப் பிழை இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். பொருட்பிழை உண்டா என்று அறிய, மூன்றாவது வாக்கியத்தைப் பற்றி நஞ்சுண்டசாமியிடம் அபிப்பிராயம் கேட்டேன். அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழை வரும்போல இருக்கிறது என்றார். வரவில்லை.

‘நீ’ பற்றி: இலக்கணம் அதைக் கோரும்போது நான் ஆட்சேபிப்பதற்கில்லை. அன்று காபி கொஞ்சம் கசந்தது என்பதைத் தவிர வேறு பாதிப்பு இல்லை.

புத்தகத்தில் உச்சரிப்பு பிடிபடவில்லை. கடைசி எழுத்துகளையெல்லாம் எழுதச் சொல்லிவிட்டு வாசிக்கக் கூடாது என்கிறார்கள். ஆகவே சரஸ்வதிபுரத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஆசிரியை தீபா, இருபத்தாறு வயதுப் பெண். பதினொரு மாணவர்கள். ஏன் பிரெஞ்சு என்று வரிசையாகக் கேட்டாள். பத்துப் பேர் கனடா என்றார்கள். நான் “என் மனைவிக்காக” என்றேன். அடுத்த வகுப்பில் எல்லோரும் என்னை ஒரு மரியாதையுடன் பார்த்தார்கள். மனைவி பிரெஞ்சுக்காரி என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். நான் திருத்தவில்லை. நான் திருத்தாமல் விட்ட முதல் பிழை அதுவாக இருக்கலாம்.

இப்போது இறந்தகாலம் நடக்கிறது. பெரும்பாலான வினைகளுக்கு ‘உடைய’ என்ற துணைவினை சேர வேண்டும்: நான் சாப்பிட்டதை உடையவன், படித்ததை உடையவன் என்பதுபோல. ஆனால் போவது, வருவது, பிறப்பது, இறப்பது, தங்கிவிடுவது ஆகிய சிலவற்றுக்கு மட்டும் ‘இரு’ சேர்கிறது. சாப்பிட்டவன் சாப்பாட்டை உடையவன் ஆகிறான். போனவன் எதையும் உடையவன் அல்ல, போனவனாக இருக்கிறான், அவ்வளவுதான். ஆங்கிலேய ஆசிரியர் இதற்குக் காரணம் இல்லை, மனப்பாடம் செய்க என்கிறார். எனக்குக் காரணம் இருப்பதாகத் தோன்றுகிறது.

இன்னொன்று. போனது பெண்ணாக இருந்தால் வினையின் கடைசியில் ஓர் ‘e’ எழுத்து சேர்க்க வேண்டும். ‘வடிவு போய்விட்டாள்’ என்பதைப் பயிற்சிக்காக எழுதினேன். அந்த எழுத்தை விட்டுவிட்டேன். தீபா பென்சிலால் சேர்த்தாள். அதற்கு ஓசை கிடையாது. வாயால் சொன்னால் வித்தியாசமே தெரியாது. எழுதும்போது மட்டும் இருக்கிறது.

நானும் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுதியிருக்கிறேன்: வூஸெத் மா ஃபாம். சரியா என்று பார்க்கவும்.

வருகிறேன்.

மாணிக்கவாசகம்

புதுச்சேரி
6 ஜூலை 2025

தாரணி அப்பாவுக்கு,

உங்கள் வாக்கியத்தை நான் வகுப்பில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

‘நீங்கள் என் மனைவி’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

‘வூ’ என்றால் நீங்கள். ஜட்ஜிடம் பேசுவது. கல்யாணமான நாளிலிருந்து ‘நீ, வா, போ’ தவிர வேறு கேட்டறியாத என்னை, நீங்கள் பிரெஞ்சில் ‘நீங்கள்’ ஆக்கிவிட்டீர்கள். நான் உங்களை ‘நீ’ ஆக்கிவிட்டேன். இந்த மொழியில் நம் இரண்டு பேருக்கும் இடம் மாறிப்போய்விட்டது. உங்கள் புத்தகத்தில் ‘து’ என்ற சொல்லே இல்லையா?

சுப்பையா சார் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மைசூரு மரியாதைங்கம்மா, வச்சுக்கோங்க,” என்றார். வைத்துக்கொண்டிருக்கிறேன். திருத்தி அனுப்பப்போவதில்லை. இப்படியே இருக்கட்டும்.

ஓசையில்லாத எழுத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். நாலாவது தடவையும் அதில் ஒற்றுப்பிழை எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. எனக்குப் படாதுதான், இருந்தாலும் சொல்கிறேன்.

அக்டோபர் நாலாம் தேதி எனக்குப் பரீட்சை. முதல் நிலைதான். பேச்சுத்தேர்வில் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பாராம். எதிரே ஒருவர் உட்கார்ந்தாலே எனக்கு வாக்கியம் பாதியில் நின்றுவிடும் என்று சாரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பழக்கம் என்றேன்.

தலைதீபாவளி அதற்கு இரண்டு வாரம் கழித்து. நான் மறக்கவில்லை. முடிவும் செய்யவில்லை.

வேட்டியை வெயிலில் காயப்போடாதீர்கள், கரை வெளுக்கிறது.

வடிவு

மைசூரு
9 செப்டம்பர் 2025

வடிவுக்கு,

‘வூ’ பற்றி விளக்கம்: ‘து’ அகராதியில் இருக்கிறது, அதோடு சேரும் வினை என் புத்தகத்தில் இல்லை. அது பயணிகளுக்கானது. முதல் முப்பது பாடத்தில் எல்லோரும் டிக்கெட் வாங்குகிறார்கள், குடையைத் தொலைக்கிறார்கள், டாக்டரிடம் நாக்கை நீட்டுகிறார்கள். யாரும் யாரிடமும் ‘நீ’ என்று சொல்கிற அளவுக்குப் பழகுவதில்லை. பிழை என்னுடையதல்ல என்று சொல்ல வந்தேன். எழுதியபின் பார்த்தால் என்னுடையதுபோலவும் தெரிகிறது.

இதை எழுதுவதற்கு எட்டு நாள் யோசித்தேன்.

போன திங்கள்கிழமை தீபா ‘தெபுய்’ என்ற சொல்லை நடத்தினாள். ‘முதல்’, ‘இருந்து’ என்று பொருள். பிறந்தது முதல், நேற்றிலிருந்து, நான்கு வருடமாக, எல்லாவற்றுக்கும் இதுதான். ஆங்கிலம் தெரிந்தவர்கள் எல்லோரும் தவறாமல் தவறு செய்யும் இடம் என்றாள். பலகையில் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுதி, பிரெஞ்சில் மாற்றச் சொல்லி என்னைத்தான் முதலில் கூப்பிட்டாள். நான் ‘ஹாவ் நோன்’ என்பதற்கு ஈடான இறந்தகாலத்தை முழுத் துணைவினையோடு எழுதினேன். அவள் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அறுபத்தொரு வயதில் என் மீது விழுந்த முதல் சிவப்புக் கோடு. பார்க்க மிகவும் நீளமாக இருந்தது.

“சார், அது இன்னும் முடியலையே,” என்றாள். “முடியாத விஷயத்துக்கு யாக்கே, எதுக்கு பாஸ்ட் டென்ஸ்?”

பிரெஞ்சில் அதற்கு நிகழ்காலம்தான். பிறந்ததிலிருந்து என் மகளை அறிகிறேன். நீ மேடையில் சொன்னது எழுத்துக்கு எழுத்து அதுவே. ஆங்கிலத்தில் அது பிழை. பிரெஞ்சில் அதுதான் இலக்கணம். தமிழிலும் நாம் ‘பிறந்ததிலிருந்து தெரியும்’ என்கிறோம், அதில் இறந்தகாலத்தின் வாடையே கிடையாது. மூன்று மொழிகளில் இரண்டு உன் பக்கம். மூன்றாவது என் பக்கம் இருக்கிறது, ஆனால் முன்புபோல அதன் துணை எனக்குத் தெம்பாக இல்லை.

வகுப்பு முடிந்து குக்கரஹள்ளி ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். வழக்கம் ஒரு சுற்று.

ஊரில் தசராவுக்கு விளக்குக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம் தெருக் கம்பத்தில் கட்டியது எரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை, தீபா வீட்டில் விசேஷம்.

ஜு வியேன்.

மாணிக்கவாசகம்

புதுச்சேரி
15 செப்டம்பர் 2025

தாரணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தெபுய் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் கடைசி வரி. ‘ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. ஜு வியேன்.’

சுப்பையா சார் வீட்டில் காலிங்பெல் அடித்தால் உள்ளேயிருந்து ‘ஜு வியேன்’ என்பார். சொன்ன கையோடு கதவு திறக்கும். வருகிறேன் என்றால் வருகிறேன்தான்.

தாரணியிடம் சொன்னேன். பரத் லீவு நாளில் காரை எடுத்தார். அரிசிம் பருப்புச் சாதம் செய்துவைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெங்களூர் பஸ் மூன்று வந்தது. நான்கு மணி நேரம். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது பஸ்ஸின் கண்டக்டர், “யாரும்மா வரணும்?” என்றார். “எங்க ஊட்டுக்காரருங்க, மைசூருல இருந்து,” என்றேன். அவர் குனிந்து சீட்டுக்கு அடியிலெல்லாம் பார்த்தார், பாவம்.

பரத் ஒன்றும் கேட்கவில்லை. “அத்தை, போலாமா?” என்று மட்டும் கேட்டார். கேட்டிருந்தால் பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலையில் அலமாரி மேலிருந்து என் பெட்டியை இறக்கிக் கட்டிலில் வைத்துத் துடைத்தேன். நீங்கள் வந்ததும், பரீட்சை முடிந்த கையோடு சேர்ந்தே போகலாம் என்று சொல்ல வைத்திருந்தேன். சாயந்திரம் பெட்டியைத் திரும்ப அலமாரி மேலேயே வைத்துவிட்டேன்.

நீங்கள் என்னைத் திருத்தலாம். அது எனக்குப் பழகிவிட்டது. பிழையில்லாத வாக்கியத்தில் இல்லாததைச் சொல்லாதீர்கள்.

வடிவு

பஸ்ஸில்
19 செப்டம்பர் 2025

வடிவுக்கு,

கையெழுத்து ஆடுவதற்குக் காரணம் உணர்ச்சி அல்ல, கிருஷ்ணகிரி சாலை.

உன் கடிதம் நேற்றுப் பதினொரு மணிக்கு வந்தது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. நான் எப்போது வருகிறேன் என்று சொன்னேன்? பிறகு என் கடிதத்தின் கடைசி வரி ஞாபகம் வந்தது. என் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் முடியும். போகிறேன் என்று சொல்வது அபசகுனம் என்று கொள்ளேகாலில் என் அம்மா சொல்லிக்கொடுத்ததால் வருகிறேன் என்கிறேன். கன்னடக்காரர்களும் வாசலில் ‘பர்த்தீனி’ என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதைப் பிரெஞ்சில் போட்டால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். நாம் போகும்போது சொல்வதைப் பிரெஞ்சுக்காரன் வரும்போதுதான் சொல்வான் என்பதை எந்தப் புத்தகமும் எச்சரிக்கவில்லை. அந்தப் புத்தகம் ஆங்கிலேயர்களுக்கானது. அவர்கள் போகும்போது போவதாகவே சொல்லிவிட்டுப் போகிற ஜனங்கள்.

பிழை என்னுடையது. இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன் எழுதியதில்லை. எழுதியபின் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

அச்சகத்தில் ஒரு பிழையைத் திருத்த ஒரே வழி, எழுத்தை மாற்றுவது. ‘வெள்ளம் வடிந்தது’ என்று அச்சாகி, வெள்ளம் வடியாமல் இருந்தால், நாங்கள் போய் வெள்ளத்தை வடிக்க முடியாது. ‘வடியவில்லை’ என்று மாற்றுவோம். முப்பத்தொரு வருடம் அப்படியே செய்தேன். நேற்றுச் சாப்பிடும்போது தோன்றியது: ‘ஜு வியேன்’ என்ற வாக்கியத்தில் மாற்ற ஒன்றும் இல்லை. எழுவாய் சரி, வினை சரி, காலம் சரி. நடந்ததுதான் தவறு. அதை மாற்றும் வசதி பிழைதிருத்துநருக்குக் கிடையாது. கணவனுக்கு இருக்கிறது, டிக்கெட் கிடைத்தால்.

கிடைத்தது. காலையில் பூட்டும்போது நஞ்சுண்டசாமி பேப்பருக்கு வந்து நின்றார். எங்கே என்றார். மனைவியைப் பார்க்க என்றேன். பேப்பரை வாங்காமலே போய்விட்டார். போகும்போது முதுகு சிரித்தது.

மேடையில் நீ சொன்னது, அங்கே இருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. ஒரு தாய் தன் பெண்ணைப் பற்றிச் சொல்கிறாள் என்று பரத்தின் ஆபீஸ்காரர்களுக்கும் சமையல்காரருக்கும் புரிந்தது. புரியாமல் நின்றவன் நான் ஒருவன். எனக்கு ‘ஆம் நோயிங்’ மட்டும்தான் கேட்டது.

மிச்ச நான்கு வாக்கியங்கள் என்ன?

பத்து மாதம் தாமதமான கேள்வி. இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொடுக்கிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரே நிற்பேன், பேச மாட்டேன். என் சிவப்புப் பேனாவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வகுப்பில் உனக்கு உதவும்.

ஜு சுயி வெனு. வந்தவனாக இருக்கிறேன்.

இந்த முறை கடைசியில் ‘வருகிறேன்’ என்று எழுதவில்லை. எங்கும் போகவில்லை.

மாணிக்கவாசகம்

புதுச்சேரி
21 செப்டம்பர் 2025

தாரணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். நீங்கள் கூடத்தில் மாப்பிள்ளையோடு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கூப்பிட்டே சொல்லிவிடலாம். ஆனால் ஆறு மாதமாக எழுதி எழுதி, எழுதினால்தான் சொன்ன மாதிரி இருக்கிறது.

நேற்று மொட்டைமாடியில் நாலு வாக்கியத்தையும் சொன்னேன். பத்து மாதத்துக்குப் பிறகும் ஒரு சொல் மறக்கவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் நிறுத்தினேன். இருமல் என்றீர்கள். நம்பிவிட்டேன். நாலாவது உங்களைப் பற்றியது என்பதால் அப்புறம் நீங்கள் நிஜமாகவே இருமினீர்கள்.

சுப்பையா சாரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். பஸ் ஆட்டத்தில் அந்தப் பிரெஞ்சு வரியில் ஒரு எழுத்து எகிறிவிட்டது. அவர் ‘ஓ, வந்துவிட்டாரா?’ என்று சரியாகச் சொன்னார், அவ்வளவுதான். எந்த எழுத்து என்று நானும் சொல்லப்போவதில்லை. சிவப்புப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன். வழுவழுவென்று ஓடுகிறது. இத்தனை வருடம் உங்கள் கை ஏன் நிற்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

பரீட்சை நாலாம் தேதி. அதுவரை தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து என்னைக் கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் கடைசிவரை கேளுங்கள். ஐந்தாம் தேதி காலை பஸ்ஸுக்கு இரண்டு சீட் பரத் போட்டுவிட்டார். பெட்டி கட்டில் மேல்தான் இருக்கிறது. மாப்பிள்ளைக்குத் தலைதீபாவளி அழைப்பை மைசூரிலிருந்து நான் கூப்பிட்டுச் சொல்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஜு வியேன். இது பிரெஞ்சு அர்த்தத்தில்.

வடிவு